வளையும் கால் முக்காலியைக் கம்பியில் கட்டும்போது

ஜோபி நிறுவனத்தின் கொரில்லாபாட் என்பது உருண்டை மூட்டுகளைக் கோத்த வளையும் கால்கள் கொண்ட கேமரா முக்காலி. அதன் பெயரில் வரும் 1கே, 3கே, 5கே என்பது அது தாங்கும் கிலோ கணக்கு. கேமராவையும் லென்ஸையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். கனமான லென்ஸ் முன்பக்கம் இழுக்கும், மூட்டு மெல்லத் தழையும். தரையில் வைத்தால் ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே இருக்கட்டும்.

படிக்கட்டுக் கம்பியில் இரண்டு கால்களை எதிரெதிராகச் சுற்றி, மூன்றாவதைக் கீழே முட்டுக்கொடுங்கள். நுனியைப் பிடித்து வெடுக்கென்று மடக்கினால் உருண்டை மூட்டு கழன்றுவிடும். ஒவ்வொரு மூட்டாக வளையுங்கள். கழன்றதை அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். சும்மா சும்மா கழன்றால் பிடி தேய்ந்துவிட்டது, அதில் விலையுயர்ந்த கேமராவை ஏற்றாதீர்கள்.

கேமராவின் கழுத்துப் பட்டையைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது! ஷட்டரைத் தொட்டாலே கால்கள் ஆடும். 10 நொடி டைமர் வைத்தால் ஆட்டம் அடங்கிவிடும்.