சூடு மிதிச்ச கதையை எடுக்கப் போய்

போன வருசம் மாசியில கம்பஸ் புரொஜெக்டுக்கு கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம் போய் ஒரு 15 நிமிச டொக்யூமென்டரி எடுத்தனாங்கள். மூண்டு பேர், ஒரு கமரா, ரெண்டு போன், ஒரு கொலர் மைக், அவ்வளவுதான் சாமான். நெல்லை வெட்டி அடிக்கிற வெட்டு மெஷின் வாறதுக்கு முதல் களத்தில மாடு விட்டுச் சூடு மிதிச்ச, அதாவது வெட்டின கதிரை மாடுகளால மிதிப்பிச்சு நெல்லைப் பிரிச்செடுத்த ஆக்களைத் தேடிப் பிடிச்சு அவையைக் கதைக்க விடுறது எண்டதுதான் யோசனை. அந்த வேலை செய்த ஆக்களுக்கு இப்ப 70 தாண்டியிட்டுது, அடுத்த வருசம் பாப்பம் எண்டு விட ஏலாது எண்டு எனக்கு ஒரே அந்தரம்.

முதல் நாள் எடுத்தது முழுக்கப் பிழைச்சுது. வெய்யில் எண்டு, சூடு மிதிச்ச ஐயா ஒராளை விறாந்தைக்குள்ள இருத்தி ரியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தம், வீட்ட வந்து பாத்தா படம் முழுக்கக் கோடு கோடா ஓடுது. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதோட சேந்து ரியூப் லைட் கண்ணுக்குத் தெரியாம மினுங்கும், போன் கமராவை ஓட்டோ மோட்டில விட்டா ஷட்டர் தன்ர பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும், செக்கனுக்கு 25 பிரேமில ஷட்டரை 1/50 செக்கன் எண்டு பூட்டி வைச்சிருந்தா அந்தக் கோடு வந்திராது. மேல பேன் சுத்தின சத்தமும் மைக்கில ஏறிப்போச்சு. அடுத்த நாள் திரும்பப் போய் ஐயாட்ட மன்னிப்புக் கேட்டு முத்தத்து வேம்புக்குக் கீழ கதிரையைப் போட்டம், அவர் ஒண்டும் சொல்லேல்ல, வேற சேட் மாத்திக்கொண்டு வந்து இருந்தார்.

வெளியில எடுத்தா வெளிச்சம் நல்லம், ஆனா சத்தம். காலமை மயில் கத்தும், றோட்டால லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெஷின் போகும், அங்கால வயலில வெட்டு மெஷின் நிக்காம ஓடுது, காலபோக அறுவடை நேரம்தானே. மயிலுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தம். மெஷினை என்ன செய்யிறது, அது எங்கட கதையின்ர ஆள் எண்டு பிறகுதான் விளங்கிச்சு, அந்தச் சத்தத்தைத் துடைக்காம அப்பிடியே விட்டிட்டம். ஒரு புத்தி மட்டும் நல்ல நேரத்தில வந்தது, ஒவ்வொரு இடத்திலயும் ஒருத்தரும் கதைக்காம ஒரு நிமிசம் சும்மா சத்தத்தை மட்டும் ரெக்கோட் பண்ணி வைச்சம். எடிட்டில ரெண்டு வசனத்தை ஒட்டேக்க நடுவில பின்சத்தம் அறுந்து போனா காதுக்கு உடன தெரியும், அந்த ஒரு நிமிசத்தைக் கீழ விரிச்சு விட்டா ஒட்டினதே தெரியாது. புதுசா எடுக்கிற பெடியள் பெட்டையள் இதை மட்டும் மறந்திடாதேங்கோ.

கேள்வி கேக்கிறதும் எனக்குச் சரியா வரேல்ல. "அந்தக் காலம் கஷ்டமா இருந்ததோ ஐயா?" எண்டா "ஓம் பிள்ளை, கஷ்டம்தான்" எண்டு முடிஞ்சிடும். பிறகு மாத்தி, "சூடு மிதிக்கிற அண்டைக்குப் பொழுதுபட முதல் முதல்ல என்ன செய்வியள்?" எண்டு கேட்டன், 12 நிமிசம் நிப்பாட்டாமக் கதைச்சார். மாடுகளை எப்பிடிப் பிணைச்சது, ஆர் முன்னுக்கு நிண்டது, நித்திரை வராம இருக்க என்ன பாட்டுப் படிச்சது, விடியப்புறம் வைக்கலை எப்பிடி உதறினது எண்டு எல்லாம் வந்தது. நடுவில நான் "நெல்லு எவ்வளவு வரும்?" எண்டு கேக்க அவர் கையைக் காட்டி மறிச்சார். "களத்துக் கதை கதைக்கேக்க நெல்லு எண்டு சொல்லக்கூடாது பிள்ளை, பொலி எண்டு சொல்லு." அந்த ஒரு சொல்லுக்காகவே போனது காணும் எண்டு அண்டைக்கு எனக்குப் பட்டுது.

அம்மம்மா ஒராளையும் எடுத்தம். களத்தில நிண்ட ஆக்களுக்கு இரவிரவாச் சமைச்சுக் குடுத்த கதையை நல்ல சந்தோசமாச் சொல்லிக்கொண்டு வந்தவா, நாங்கள் கேக்காமலே 2009 தைக்கு, கடைசி யுத்த நேரத்துக்குப் போயிட்டா. கதிர் முத்தி நிண்ட வயலை வெட்டாம விட்டிட்டு வெளிக்கிட்டது, விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு, பிறகு மகன். மகன்ர பேரைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டிட்டா. கமரா ஓடுது. கூட வந்தவன் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுக்க நான் அவன்ர கையைப் பிடிச்சன், அந்த நேரத்தில நாங்கள் எதைச் சொன்னாலும் அது எங்கட அந்தரத்துக்குச் சொல்லுறதாத்தான் இருந்திருக்கும். கன நேரம் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அவா "நீங்கள் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லயே" எண்டு எழும்பிப் போனா.

எடிட்டுக்கு ஒரு மாசம் போனது. 6 மணித்தியால வீடியோ, 8 ஜீபி ராம் லப்டொப், ரிசோல்வ் எண்ட எடிட்டிங் சொப்ட்வெயாரில நேரடியாப் போட்டா இறுகிப்போய் நிக்கும், எல்லாத்துக்கும் புரொக்சி எண்ட சின்ன சைஸ் கொப்பி செய்துதான் வெட்டினம். போனில எடுத்ததுகள் போகப் போக வாயும் சத்தமும் விலகிச்சுது, போன் ஒரே வேகத்தில பிரேம் எடுக்காது எண்டது தெரியாம ரெண்டு நாள் மைக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தம், ஹான்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்திற சொப்ட்வெயாரில போட்டு செக்கனுக்கு 25 பிரேம் எண்டு நிலையா மாத்தின பிறகுதான் பொருந்திச்சு. எல்லாக் கதையையும் கொப்பியில எழுதி, வேணுமான வரியளைக் கோடடிச்சு, அதுக்குப் பிறகுதான் ரைம்லைனில கை வைச்சம், அப்பிடிச் செய்யாட்டி முடிச்சிருக்க ஏலாது.

சண்டை வந்தது அந்த மௌனத்துக்குத்தான். மற்றவன் 5 செக்கன் காணும், ஆக்கள் பாக்காயினம் எண்டான். நான் விடேல்ல, 22 செக்கன் வைச்சன். ஆனா எனக்கு உள்ளுக்க வேற ஒண்டு குடைஞ்சுகொண்டிருந்தது, அவா கையெழுத்து வைச்சுத் தந்தது சூடு மிதிச்ச கதைக்கு, மகன்ர கதைக்கில்ல. லப்டொப்பைக் கொண்டு திரும்பப் போனம். அவா தன்னைப் பாத்து "என்ர தலையைப் பாரன்" எண்டு சிரிச்சா, அந்த இடம் வர கண்ணை எடுக்காமப் பாத்தா. முடிய, "அவன்ர பேர் சொன்னதை மட்டும் எடுத்து விடு பிள்ளை, மற்றது கிடக்கட்டும்" எண்டா.

முழுப் படத்திலயும் கனமான இடம் அதுதான், ஆனா ஒரு சொல்லும் மறுத்துக் கதைக்காம எடுத்தம். வெட்டின இடத்தில படம் துள்ளிச்சுது, அதுக்கு மேல அவா சுளகில அரிசி புடைக்கிற கையைப் போட்டு மூடினம். இப்ப புதுக்குடியிருப்பு எண்டு சொன்ன உடன மௌனம் வருது, பேர் இல்லை, 22 செக்கன் அப்பிடியே இருக்கு.

அண்டைக்கே ஐயாவுக்கும் போட்டுக் காட்டினம். எல்லாம் நல்லம் எண்டார், ஒரு இடத்தில மட்டும் நிப்பாட்டச் சொன்னார். களத்தைக் காட்டேக்க பின்னணியில என்ர குரல் "நெல்லை அள்ளி" எண்டு சொல்லுது. "படத்திலயும் களம்தானே பிள்ளை" எண்டார். அண்டிரவே போர்வையைத் தலைக்கு மேல போட்டுக்கொண்டு, எதிரொலி வராம, அந்த ஒரு வரியைப் பொலி எண்டு திரும்பச் சொல்லி ரெக்கோட் பண்ணி மாத்தினன்.