போனைப் பறிச்சா புள்ள வாயைத் தொறக்காது

இன்டர்நெட்ல புள்ளைங்களை எப்படிப் பாதுகாக்கிறதுன்னு வர்ற அறிவுரை எல்லாத்தையும் பாருங்க, அப்பாவுக்கு ஒரு போன், அம்மாவுக்கு ஒரு போன், புள்ளைக்குத் தனியா ஒரு டேப்னு நெனச்சுதான் எழுதியிருப்பாங்க. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின நம்ம லயத்து வீடுகள்ல அப்படியா இருக்கு? ஒரு குடும்பம் இருக்கிற காம்பராவுக்கே ஒரு ஸ்மார்ட் போன்தான், அதுவும் குவைத்துல வீட்டு வேலை செய்ற அம்மா வாங்கி அனுப்பினது, பாஸ்வேர்ட் தெரிஞ்சது தரம் எட்டுப் படிக்கிற பொண்ணுக்கு மட்டும்தான், அம்மாயி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டு வந்து வாசல் இஸ்தோப்புல உக்காந்து "மகளுக்கு கோல் எடுத்துக் குடு"ன்னு கேட்டாதான் அது பெரியவங்க கைக்கே வரும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறவன். இந்தக் கதை எப்படிப் போகும்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும். கேம்ல ஒருத்தன் ஃப்ரெண்ட் ஆவான், அந்த கேம்ல காசு மாதிரி செலவழிக்கிற டைமண்ட் போட்டு விடுவான், பெறகு வாட்ஸ்அப் நம்பர், பெறகு ஒரு போட்டோ, பெறகு இன்னொரு மாதிரி போட்டோ, அது கெடச்சதும் "ஒங்க வீட்டுக்கு அனுப்பிருவேன்"னு மெரட்டல். புள்ள ஏன் யாருகிட்டயும் சொல்லல? அடிக்குப் பயந்து மட்டும் இல்ல. சொன்னா போனைப் பறிச்சு பெட்டிக்குள்ள வச்சு பூட்டிருவாங்க, போன் போனா அம்மா மொகத்தைப் பாக்கிறதும் போச்சு. மெரட்டுறவனுக்கு இது வசதியாப் போயிருது. அதனால பெத்தவங்க மொதல்ல கொடுக்க வேண்டிய வாக்கு இதுதான்: என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பறிக்க மாட்டோம். குவைத்துல இருக்கிற அம்மா வாயால சொன்னா இன்னும் நல்லது.

அடுத்தது பொறந்த வருஷம். டிக்டொக், ஃபேஸ்புக் எல்லாத்துக்கும் 13 வயசு வேணும், நம்ம புள்ளைங்க 2000ன்னு போட்டுட்டு உள்ள போயிருதுங்க. டிக்டொக்ல 16 வயசுக்குக் கீழன்னா கணக்கு தானாவே பிரைவேட்டா இருக்கும், இன்பொக்ஸ் மெசேஜும் கெடையாது. பொய் வயசு போட்டா அந்த வேலி ரெண்டுமே இல்ல, புள்ளையை பெரிய ஆளுன்னுதான் அது நெனைக்கும். வாட்ஸ்அப்ல பிரைவசிக்குள்ள போயி புரொஃபைல் படத்தையும், குரூப்ல சேர்க்கிறதையும் "மை கொன்டக்ட்ஸ்"னு மாத்திருங்க, ரெண்டு நிமிஷ வேலை. பெறகு அந்த நடு ராத்திரிக்கு மேலதான் வேலை செய்ற நைட் டேட்டா! பகல்ல டேட்டா முடிஞ்சா நடு ராத்திரி வரைக்கும் முழிச்சிருந்து கம்பளிக்குள்ள போனோட கெடக்குதுங்க, மறுநாள் முதலாம் பாடத்துலயே தூங்குதுங்க. நைட் டேட்டா இல்லாத பெக்கேஜ் போடுங்களேன்.

இப்ப நம்ம ஆளுங்க, அதாவது டீச்சர்மார். கொரோனா காலத்துல தொடங்கின வகுப்பு வாட்ஸ்அப் குரூப் இன்னும் ஓடுது, அதுல பொம்பளப் புள்ளைங்க நம்பர் எல்லாருக்கும் தெரியுது, யாரு அண்ணன், யாரு மாமா அந்த போனைப் பாக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. ஒரு புள்ளையோட படம் வெளிய வந்துட்டா, "பாருங்க சேர்"னு அதை டீச்சர்மார் குரூப்லயே போடுறது. சாட்சிக்குன்னு சொல்லுவாங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளையோட ஆபாசப் படத்தை கையில வச்சிருக்கிறதே தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவுல குற்றம், அனுப்பினா கேக்கவே வேணாம். படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க, பாக்கவும் கேக்காதீங்க.

மெரட்டல் வந்துட்டா காசு கொடுக்கக் கூடாது, ஒரு தடவை அவன் போனுக்கு ரீலோட் போட்டா அடுத்த கெழமையும் கேப்பான். பயத்துல அவனோட பேசின மெசேஜை அழிச்சிராதீங்க, அவன் நம்பரு, புரொஃபைல், மெரட்டின மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுட்டு அப்புறமா புளொக் பண்ணுங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 அடிக்கலாம், காசு போகாது, தமிழ்லயும் பேசலாம். பிரதேச செயலகத்துல சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்காங்க, அவங்களைத் தேடிப் போறவங்கதான் கொறைவு. படம் பரவும்னு பயம்னா "டேக் இட் டவுன்"னு ஒரு இலவச சேவை இருக்கு, 18 வயசு ஆகுறதுக்கு முந்தி எடுத்த படத்துக்கு. பேரு சொல்ல வேண்டியதில்ல, படமும் போனை விட்டு வெளிய போகாது, அதுக்கு ஒரு அடையாள எண் மட்டும் உருவாகும், அதை வச்சு அதுல சேர்ந்திருக்கிற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடிச்சு எடுத்துரும்.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்துல சொல்லலாம்தான், ஆனா காலையில பத்து மணிக்குக் கூப்பிட்டா ஒரு பேரு, அதாவது ஒரு நாள் கூலியை விட்டுட்டு யாரு வருவா? சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிஞ்ச பெறகு கோயில்லயோ, சின்னப் புள்ளைங்களைப் பாத்துக்கிற புள்ளைக்காம்பராவுலயோ வைங்க, அம்மாயிமாரை போனைக் கையோட கொண்டு வரச் சொல்லுங்க, செட்டிங்கை அந்தப் புள்ளைங்களை விட்டே மாத்த வைங்க.