தொட்டி சுமக்க ஒரு கோல்ஃப் வண்டி

2025 ஜனவரி 5, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. பெங்களூரை அடுத்த ஒசகோட்டைக்கு அப்பால் இருக்கும் எங்கள் நாற்றுப் பண்ணையின் வாசலில், பலகை சாய்த்து, நான்கு பேர் சேர்ந்து டெம்போவிலிருந்து இறக்கினோம். மூடிப்போன ஒரு விடுதியில் விருந்தினரை ஏற்றித் திரிந்த இரண்டு இருக்கை கோல்ஃப் வண்டி இது. நான்கு ஆண்டுகளாக ஒரு மாமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. விலை 28,000 ரூபாய், டெம்போ வாடகை 3,000.

பூச்செடி விற்பவனுக்கு இது எதற்கு என்று காலையிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பண்ணை ஒன்றரை ஏக்கர்தான், ஆனால் சரிவான நிலம். நிழல்வலைக் கூடாரம் கீழே இருக்கிறது, விற்பனை இடம் மேலே சாலையோரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்று ஈரமண்ணோடு பதினைந்து கிலோவுக்குக் குறையாது. தர்மபுரியிலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் அக்கா, அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அந்த மேட்டில் ஏறுகிறார். தீபாவளி முடிந்ததும் இடுப்பு வலியில் இரண்டு வாரம் படுத்துவிட்டார். அவருடைய அறையில் தைல வாசனையோடு உட்கார்ந்திருந்தபோதுதான், இனி ஒரு தொட்டியும் அவர் இடுப்பில் ஏறக்கூடாது என்று முடிவு செய்தேன். தள்ளுவண்டியை அந்த மேட்டில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மினி லாரி வாங்க நமக்கு வழியில்லை. பதிவெண் இல்லாத இந்த வண்டி சாலைக்குப் போகாது. போகவும் வேண்டாம், பண்ணைக்குள் ஓடினால் போதும்.

எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். மனைவி கணக்கு நோட்டில் அந்தத் தொகையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

ஜனவரி 6, திங்கள்

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார், சாவியைத் திருப்பிப் பார்த்தார். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது, புதிது 34,000 ஆகும் என்றார். நோட்டின் இரண்டு கோடுகளும் கண்முன் வந்து நின்றன. இரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

அல்சூரிலிருந்து மாமனார் வந்தார். பையப்பனஹள்ளி என்.ஜி.இ.எஃப். ஆலையில் மோட்டார் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். 2002இல் ஆலை மூடும்வரை அங்கேதான் இருந்தார். இப்போதும் மெட்ரோ அந்தப் பக்கம் போகும்போது சன்னலை விட்டுப் பார்வையை எடுக்கமாட்டார். நான் கன்ட்ரோலர் கதையைச் சொன்னேன்.

"அதை எதை வைத்து அளந்தார் மாப்பிள்ளை?"

"அளக்கவில்லை மாமா. பார்த்தே சொன்னார்."

"அப்படியென்றால் நாம் அளந்துவிட்டுப் பேசுவோம். அதுவரை ஒரு ரூபாய்க்கும் எதுவும் வாங்காதீர்கள்."

பேட்டரியிலிருந்து தொடங்கினார். 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, மொத்தம் 48 வோல்ட். ஒவ்வொன்றிலும் முள் மீட்டரின் கம்பிகளை வைத்து எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்: 3.1, 2.7, 0.9, 4.0, 1.2, 2.2. மூடியைத் திறந்தால் தகடுகள் வெள்ளை பூத்துக் கிடந்தன. சார்ஜ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஈய சல்பேட் தகட்டின் மேல் கல்லாக இறுகிவிடும், இந்த அளவுக்குப் போனதை மீட்க முடியாது என்றார். இந்தச் செலவு எதிர்பார்த்ததுதான். ஆனால் உயிருள்ள பேட்டரி இல்லாமல் கன்ட்ரோலரைச் சோதிப்பது எப்படி?

ஜனவரி 12, ஞாயிறு

ஆறு பேட்டரிகளையும் வெளியே எடுத்தோம். ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ. அடியில் இருந்த இரும்புத் தட்டை அமிலம் தின்றிருந்தது. ஒரு மூலையில் கைவிரல் உள்ளே போகிறது. ஆப்பசோடாவை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சுர்ரென்று நுரைத்தது. நுரை அடங்கும்வரை மூன்று வாளி ஊற்றினேன். நுரை நின்றால்தான் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடில்லாத பண்ணை இது. அக்கா வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, விற்காமல் மிஞ்சியிருந்த சாமந்தியை மாலையாகக் கட்டிப் போட்டார். "ஓடட்டும் தம்பி" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுவதும் எழுதிவைக்க வேண்டும்.

லிங்கராஜபுரத்தில் மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். 2001இல் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ரேவா மின்சாரக் கார்களைப் பல ஆண்டுகள் பழுது பார்த்தவர். அந்தக் காரும் 48 வோல்ட்தான், ஆறு வோல்ட் பேட்டரி எட்டு. அவரிடம் பழைய 12 வோல்ட் பேட்டரிகள் நான்கை இரவல் வாங்கி வந்து வரிசையாக இணைத்தோம். பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டை கொடுத்தோம்.

சாவியைத் திருப்பி பெடலை மிதித்ததும், மோட்டாருக்கான மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சோலினாய்டு டக்கென்றது. சக்கரம் அசையவில்லை. அன்று வந்தவர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கன்ட்ரோலர் மேல் பழி போட்டிருக்க வேண்டும். மாமா தன்னுடைய முள் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் கன்ட்ரோலரின் உள்வழியில் வைத்தார். பெடலை மிதிக்கும் முன் 47 வோல்ட். மிதித்ததும் முள் 9க்கு விழுந்தது. பேட்டரி முனையில் அப்போதும் 50 நின்றது. இடையில் இருப்பது சோலினாய்டு ஒன்றுதான். சத்தம் வருகிறது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தவில்லை.

அதைக் கழற்றும் முன் மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேட்டரி இணைப்பை எடுத்த பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு பல்பைக் குறுக்கே வைத்து அதை வடித்துவிட்டு, என் மோதிரத்தையும் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க விட்டார். சோலினாய்டைப் பிளந்தால் உள்ளே செம்புத் தகடு கரிந்து குழிகுழியாக இருந்தது. சோதனைக்காக மட்டும் அரத்தால் தேய்த்து மறுபடி மாட்டினோம்.

சக்கரம் சுற்றியது! ஆனால் பாதிப் பெடலில் நின்று, மீண்டும் வெட்டி இழுத்தது. பெடல் எவ்வளவு அழுந்தியது என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல அதன் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைத் தனியே எடுத்து அளந்தோம். பெடலை அழுத்த அழுத்த மின்தடை 5 கிலோ ஓமிலிருந்து பூஜ்யத்துக்குச் சீராக இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் முள் துள்ளி விழுந்தது. என்னுடைய எண் மீட்டரில் அந்தத் துள்ளல் தெரியவே இல்லை, எண்கள் மாறுவதற்குள் கடந்துவிடுகிறது. முள் மீட்டரை இவர் ஏன் இத்தனை ஆண்டுகள் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார் என்று இன்று புரிந்தது.

கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது. சோலினாய்டு 1,900, பொட்டென்ஷியோமீட்டர் எஸ்.பி. சாலையில் 450. ஆக, 34,000 சொன்ன இடத்தில் 2,350. வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது எனக்குக் குரல் கம்மியது.

ஜனவரி 24, வெள்ளி

லால்பாக் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரே செடி வாங்க வருகிறார்கள். வண்டிப் பக்கம் போகவே முடியவில்லை. அக்கா இன்று எத்தனை தடவை ஏறினார் என்று எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

பிப்ரவரி 2, ஞாயிறு

மோட்டாரைக் கழற்றினோம். அன்றைக்குச் சக்கரம் சுற்றும்போது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பக்கம் தீப்பொறி பறந்ததை மாமா மறக்கவில்லை. அன்றே அவர் பிரேக் பெடலை லேசாக அழுத்திப் பிடித்தபடிதான் ஓட்டவிட்டார். காரணம் இன்று கேட்டேன். இது சீரீஸ் மோட்டார். சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் ஓடும் மின்னோட்டம்தான் காந்தப்புலத்தையும் உண்டாக்குகிறது. சுமை இல்லையென்றால் மின்னோட்டம் குறையும், புலம் தளரும், புலம் தளரத் தளர வேகம் ஏறும். பிடிப்பதற்கு ஆளில்லாமல் விட்டால் சுற்றிய கம்பி பிய்ந்து வெளியே வரும்வரை ஏறும். ஆலையில் ஒரு தடவை அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறாராம். மேலே எதுவும் சொல்லவில்லை.

பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டர் அடுப்புக்கரி போல் இருந்தது. நான் எமரித் தாளை நீட்டினேன், தள்ளிவிட்டார். எமரித் துகள் மின்சாரத்தைக் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு இடையே தங்கினால் ஷார்ட் ஆகும். கண்ணாடித் தாளால்தான் தேய்க்க வேண்டும். பிறகு ரம்பத் தகட்டின் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, பட்டைகளுக்கு நடுவே துருத்தியிருந்த மைக்காவைக் கீறிக் கீறிப் பள்ளமாக்கினார். எழுபத்தோரு வயது, கண்ணாடி இல்லாமல், ஒரு பட்டைகூடக் கீறல் படாமல். இரண்டு மணி நேரம் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கால் வலித்தது, அவர் நிமிரவில்லை.

கம்பிச் சுற்றின் காப்புத் தடையை அளக்கும், கையால் சுற்றும் மெகர் 0.3 மெகா ஓம்தான் காட்டியது. ஈரம்தான் காரணம். மோட்டாரைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு மூடியிருக்கிறோம். இரண்டு நாள் கிடக்கட்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மெகர் இப்போது 20 மெகா ஓம் காட்டுகிறது. கார்பன் பிரஷ்கள் 600 ரூபாய், சற்றுப் பெரியதாக வாங்கி அளவுக்குத் தேய்த்துக்கொண்டோம். பேரிங் 350.

பிப்ரவரி 6, வியாழன்

பிரேக். பின்சக்கரங்களில் மட்டும்தான் டிரம் இருக்கிறது, முன்னால் பிரேக்கே இல்லை. தொட்டிகளோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு இது உயிர் விஷயம். இதில் பணத்தைப் பார்க்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் அதிகம் செலவாகவில்லை. பழைய ஷூக்களை ஜே.சி. சாலைக்கு எடுத்துப் போய்ப் புது லைனிங் ஒட்டி வாங்கினேன், 1,200 ரூபாய். டிரம்முக்குள் இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டயர் 18 அங்குலம், ரிம் 8 அங்குலம். ஆட்டோ டயரும் 8 அங்குல ரிம்தானே, அதையே போடலாம் என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோ டயரின் அகலம் நான்கு அங்குலம், இந்த ரிம் ஏழு அங்குல அகலம். உட்காராது. பழைய டயர்களில் மேலோட்டமான வெடிப்புதான் என்பதால் டியூப் போட்டு வைத்திருக்கிறோம், நான்கும் 1,600.

ஓட்டை விழுந்த தட்டுக்குத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, ஆங்கிள் சட்டம் அடித்து, ரெட் ஆக்சைடு பூசியாயிற்று. 2,200. பழைய கேபிள்களைத் தூக்கிவிட்டு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், லக்கோடு 3,400. கோல்ஃப் பை வைக்கும் இடத்தில் பழைய கதவுப் பலகையைப் பொருத்தினேன், எட்டுத் தொட்டி நிற்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

8 வோல்ட் பேட்டரிக்கு மூன்று கடைகளில் கேட்டேன். வரவழைக்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அதை விட்டுவிட்டு இ-ரிக்‌ஷாவுக்குப் போடும் 12 வோல்ட் டியூபுலர் பேட்டரிகள் நான்கு எடுத்துவிட்டேன். அந்த வண்டிகளும் 48 வோல்ட் என்பதால் சார்ஜரும் அதே கடையில் 5,500க்குக் கிடைத்தது. பேட்டரி ஒன்று 9,500. பழைய ஆறும் 168 கிலோ, கிலோ 75 வீதம் அதே கடைக்காரர் 12,600 கழித்துக்கொண்டார். பழையதைக் கடையிலோ மறுசுழற்சிக்காரரிடமோதான் கொடுக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் விதி. குப்பைக்காரரிடம் போட்டால் அமிலத்தை எந்தச் சாக்கடையில் கவிழ்ப்பார் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் கிணற்றிலிருந்து நூறடியில் ஒரு சாக்கடை இருக்கிறது.

மொத்தக் கணக்கு 73,600. கோட்டைத் தாண்டி 3,600. மனைவி இரண்டு கோடுகளையும் அடித்துவிட்டு, புது எண்ணை எழுதி, ஒரே ஒரு கோடு போட்டாள். பெயின்ட் வாங்கவில்லை. ரெட் ஆக்சைடு நிறமே இருக்கட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஓடியது. முதலில் வெறும் வண்டி, சமதரையில். பிறகு சரிவில் இறக்கி, நடுவில் பிரேக். நின்றது. மறுபடி, மறுபடி. பதினோராவது தடவைதான் மாமா தலையசைத்தார்.

பின்னோக்கிப் போக மட்டும் மறுத்தது. திசை மாற்றும் சுவிட்சில் ஒரு செம்பு முனை கரிந்திருந்தது, தேய்த்ததும் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா தானே ஓட்டினார். முதல் இரண்டு நாள் தொடவே மறுத்தவர், நேற்று மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார். இன்று காலை எட்டுத் தொட்டி செம்பருத்தியோடு மேட்டில் ஏறி வந்தார். தலைமுண்டாசு அவிழ்ந்து தோளில் கிடந்தது. வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை மிதித்து, இறங்கி, பின்சக்கரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியைத் தொட்டார். மாமா சொல்லிக்கொடுத்தது அது. சாயங்காலம்வரை பதினான்கு நடை, நூற்றுப் பன்னிரண்டு தொட்டி. அவர் இடுப்பில் ஒன்றுகூட ஏறவில்லை.

வேலை முடிந்து வண்டி ஒரு மணி நேரம் ஆறிய பிறகு ஹைட்ரோமீட்டரை எடுத்தேன். முழுச் சார்ஜில் 1.270க்குப் பக்கத்தில் இருந்த அமில அடர்த்தி இப்போது பெரும்பாலான அறைகளில் 1.235. இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. மூன்றாவது பேட்டரியின் நடு அறை ஒன்று மட்டும் 1.210. மாமாவுக்குப் போன் செய்தேன். "இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள் மாப்பிள்ளை. காலையில் அந்த அறையை மட்டும் மறுபடி அளந்து சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் அதற்குப் பிறகு ஊற்றுங்கள்" என்றார். சார்ஜரை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆறு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று.