பின்சீட்டில் அடித்த பெட்ரோல் வாடை

கீழக்கரையில் எங்கள் தெருவில் நிற்கிற கார்களில் ஷோரூமிலிருந்து நேராக வந்தவை குறைவு. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஓடி, கன்சல்டிங் என்கிற பழைய வண்டிக் கடையில் கைமாறி, இரண்டாவது மூன்றாவது ஓனராகத்தான் நாம் வாங்குகிறோம். துபாயிலிருந்து லீவில் வருகிறவர் இருக்கிற நாளைக்கு ஓட்டலாம் என்று வாங்குவார். அவர் திரும்பிப் போனதும் தம்பியோ மச்சானோ ஓட்டுவார்கள். ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றுவதற்குள் வண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுவதும் உண்டு. இப்படி ஓடுகிற வண்டிகளுக்கு ரீகால் கடிதம் வந்து சேருவதில்லை. இதை நம்ம பக்கத்து ஆட்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரீகால் என்றால், வண்டியைச் செய்யும்போதே ஏதோ ஒரு பாகத்தில் குறை வந்துவிட்டது என்று கம்பெனியே கண்டுபிடித்து, விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பது. யார் பெயரில் வண்டி இருந்தாலும் சரி, வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, அந்தப் பாகத்துக்குக் காசு கிடையாது.

எங்கள் வீட்டுக் கார் காக்கா, அதாவது என் அண்ணன், வாங்கியது. பெட்ரோல் வண்டி. வாடையை முதலில் சொன்னது உம்மாதான். "வாப்பா, பின்னாடி உக்காந்தா பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குது, தலை சுத்துது" என்றார்கள். முன்சீட்டில் இருக்கிற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. டேங்க் நிரப்பின அன்றும் மறுநாளும் அடிக்கும், பாதி டேங்க் ஆனதும் நின்றுவிடும். ராமநாதபுரத்தில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு திருப்புல்லாணி தாண்டுவதற்குள் ஜன்னலை இறக்கச் சொல்வார்கள்.

மெக்கானிக்கிடம் காட்டினோம். கெட்டிக்காரர், நல்ல மனுஷர். "தம்பி, கடலோரத்துல எந்த வண்டிக்கும் இது வரும். உப்புக்காத்து பைப்ப அரிச்சிருக்கும்" என்று அடியில் படுத்துப் பார்த்து, கிளாம்ப் இறுக்கி அனுப்பினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்ம ஊரில் சைலன்சர் எத்தனை வருஷம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தனுஷ்கோடிக்கு வாடகை ஓட்டுகிறவர்கள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அடியில் நல்ல தண்ணீர் அடிப்பதும் அதற்காகத்தான். ஆனால் எல்லாக் கோளாறுக்கும் உப்பையே காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். உப்பு இரும்பைத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தின்னாது.

சென்னையில் இருக்கிற மச்சான் ஒருவர்தான் போனில் கேட்டார், "சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தியா?" என்று. கம்பெனி வெப்சைட்டில் அந்தப் பதினேழு எழுத்தையும் அடித்ததும் திரையில் வந்தது: பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை. கடிதம் எப்போதோ போயிருக்கிறது, கோயம்புத்தூரில் இருக்கிற முதல் ஓனர் விலாசத்துக்கு. அவர் விற்றுவிட்ட வண்டி. கடிதத்தை என்ன செய்திருப்பார்?

சர்வீஸ் சென்டரில் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பின்சீட்டு மெத்தையைக் கழற்றினார்கள். அதன் கீழே கார்பெட், கார்பெட்டுக்குக் கீழே ஒரு தட்டு மூடி. மூடியை நெம்பி எடுத்ததும் வாடை முகத்தில் அடித்தது. டேங்கின் மேல் பம்பைப் பிடித்திருக்கிற வட்டமான பிளாஸ்டிக் தலை. பைப் வந்து சேருகிற மூக்கின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதைச் சுற்றி மட்டும் மணல் கறுப்பாக ஈரம் பிடித்து ஒட்டியிருந்தது. மற்ற இடத்தில் உலர்ந்த வெள்ளை மணல். டேங்க் நிறைந்திருந்தால் கசிகிறது, குறைந்தால் நிற்கிறது. உம்மா உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே. அதற்குப் பக்கத்திலேயே பம்புக்குப் போகிற கரண்ட் ஒயர். அதைப் பார்த்ததும் எனக்குக் கைகால் உதறிவிட்டது. காக்கா பிள்ளைகளும் அந்தச் சீட்டில்தானே தூங்கிக்கொண்டு வருவார்கள்!

நம்ம கடற்கரைக்காரர்கள் எண்ணெய் வாடையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போட்டுக்கும் விசைப்படகுக்கும் டீசல் கேனைத் தூக்கிப் பழகியவர்கள். சட்டையில் டீசல் பட்டாலும் அப்படியே டீக்கடையில் உட்காருவோம். ஆனால் டீசல் வேறு, பெட்ரோல் வேறு. டீசல் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலுக்கு அந்த அளவு பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. அதாவது நம்ம ஊர் வெயிலில் அது எப்போதுமே தயார். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். ஏசி போட்டு ஜன்னலை மூடிய காருக்குள் அது எங்கே தேங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகும் "ரவுண்டா போட்டுடவா?" என்று கேட்டு அமுக்குகிற பழக்கம். 2014 ஏப்ரலில் மாருதி சுஸுகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் ஊற்றுகிற கழுத்துக் குழாயை மாற்றுவதற்காக. ஆட்டோ கட்டைத் தாண்டி நிரப்பினால் வாடை வரலாம், கசியலாம் என்பதுதான் காரணம். குறை இல்லாத வண்டியிலும் டேங்க்கில் ஆவிக்கென்று விட்ட இடத்தைப் பெட்ரோலால் நிரப்பக் கூடாது. கட் ஆனதும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2012 முதல் கம்பெனிகள் தாங்களாகவே ரீகால் செய்வதற்கு ஒரு நெறிமுறை வைத்திருக்கின்றன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அரசே உத்தரவு போட்டு ரீகால் செய்ய வைக்கலாம் என்று ஆக்கினார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. மீறினால் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்த விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். நம்ம தெருவில் நிற்பவற்றில் பல அந்த வயதைத் தாண்டியவை.

கடிதம் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். அமெரிக்காவில், மாநிலப் பதிவேட்டில் இப்போது யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு ரீகால் கடிதம் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கேயும் அரசின் 'வாகன்' என்கிற கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டியின் ஓனர் பெயரும் விலாசமும் இருக்கத்தானே செய்கிறது? இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறபோது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கிறபோது, பெயர் மாற்றுகிறபோது, "இந்த வண்டிக்கு ஒரு ரீகால் பாக்கி" என்று ஒரு வரி வந்தால் போதும், எத்தனையோ வீடு தப்பிக்கும். அது வரும்வரைக்கும் நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பர் இருக்கும், வண்டியிலும் அடித்திருக்கும். உங்கள் கார் கம்பெனியின் வெப்சைட்டில் ரீகால் பக்கத்தைத் தேடி அதைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். பைக்கும் ஸ்கூட்டரும்கூட ரீகாலில் வருவதுண்டு, விட்டுவிடாதீர்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பாருங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் எம்-சீல் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓரம்கட்டி ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனி ஆட்களைக் கூப்பிடுங்கள்.

எங்கள் மெக்கானிக்கிடமும் போய்ச் சொன்னேன். பழைய பம்பின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தவர், பட்டறையில் நின்ற வண்டிகளின் சேஸிஸ் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டார். அதில் ஒரு வண்டிக்கு ஏர்பேக் ரீகால் பாக்கி இருந்தது. கீழக்கரையில் போனில் பார்க்கத் தெரியாத பெரியவர்கள் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு நம்ம கடைக்கு வரச் சொல்லுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.