அப்பத்தா முகம்: மூன்றாவது படம்

முதல் படத்தை 1971-இல் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தேன். போட்டோ மேல் கண்ணாடித்தாள் வைத்து ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, ஏ3 தாளில் மூன்று மடங்காக்கினேன். அளவெல்லாம் சரியாக வந்தது. ஆனால் அது நான் அறிந்த முகம் இல்லை. காதில் பாம்படம் தொங்க, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் இருபத்தைந்து வயதுப் பெண்.

சரி என்று அடுத்த ஞாயிறு அப்பத்தாவையே திண்ணையில் உட்காரவைத்துக் கரிக்கோலை எடுத்தேன். சுருக்கங்களை ஒவ்வொரு கோடாகப் போட்டதும் முகம் வெடித்த கண்மாய்த் தரை போல ஆகிவிட்டது. அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, புதுத் தாள் முழுக்க இளஞ்சாம்பலாகக் கரியைத் தேய்த்தேன். அப்புறம் பிசையும் ரப்பரால் வெளிச்சம் விழும் மேடுகளை மட்டும் ஒற்றி எடுத்தேன். பள்ளங்கள் தானாகவே சுருக்கமாகின. வாய்தான் பாடாய்ப் படுத்தியது. பேசிக்கொண்டே இருப்பாள். ஐந்து முறை அழித்தேன். கடைசியில் வெற்றிலையை ஒதுக்கி இடது கன்னம் உப்பியிருந்தபடியே விட்டுவிட்டேன். அதுதான் அவள்.

காதை வரையும்போதுதான் மடலில் குறுக்கே ஒரு தழும்பைப் பார்த்தேன். அத்தை கல்யாணத்துக்குப் பாம்படத்தை விற்றபின், தொங்கிய வெறுங்காதை அறுத்துத் தைத்துக்கொண்டாளாம். இத்தனை வருஷம் அவள் மடியில் படுத்துக் கிடந்தும் அது என் கண்ணில் பட்டதில்லை.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் தன் அம்மா பார்பராவைக் கரியில் வரைந்தார். அப்போது அந்த அம்மாவுக்கு வயது 63. ஒடுங்கிய கன்னம், புடைத்த கழுத்து நரம்பு எதையும் டியூரர் மறைக்கவில்லை. பதினெட்டுப் பிள்ளை பெற்ற உடம்பு. இரண்டு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோக, அதே தாளில் அந்தச் செய்தியையும் எழுதிச் சேர்த்தார். அதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியும் அப்பத்தாவின் வயதும் எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது படத்தைக் காட்டியதும் அப்பத்தா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "இது நானில்லை அப்பு, எங்க ஆத்தா" என்றாள். அவள் அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

மூன்றாவது படம் அங்கே தொடங்கியது. இரண்டாவதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே வேறு தாள் வைத்து மெல்லிய கோட்டில் படியெடுத்தேன். அவள் சொல்லச் சொல்லத் திருத்துகிறேன். மூக்கு இன்னும் சப்பை. நெற்றி சின்னது. இடது புருவத்தில் அரிவாள் பட்ட வடு. மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. கண் மட்டும் அமையவில்லை. "எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "உங்க அப்பன் தூங்கி எந்திரிச்சதும் பார்ப்பானே, அப்படி" என்கிறாள். நாளைக் காலை ஆறு மணிக்கு நோட்டோடு அப்பா கட்டிலருகே உட்காரப் போகிறேன்.