டெல்ஃப் பி2: குதிரைப் பந்தய வர்ணனையாளரிடம் நான் கற்ற பேச்சு

பிரெஞ்சு மொழித் திறனுக்கான டெல்ஃப் தேர்வின் பி2 நிலையில் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே இறங்கக் கூடாது. வாசிப்பும் எழுத்தும் எனக்கு ஓரளவு கைவந்திருந்தன. பேச்சுதான் பயமுறுத்தியது. மாதிரித் தேர்வில் எழுதி வைத்த தாளை மனப்பாடமாக ஒப்பித்தேன். இடையில் ஒரு கேள்வி வந்ததும் வாயடைத்துப் போனேன்.

அந்த வாரம்தான், பிரான்சின் ஒலி, ஒளி ஆவணங்களைப் பாதுகாக்கும் இனா நிறுவனத்தின் பழைய பதிவுகளில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் லெயோன் ஸித்ரோனைக் கண்டேன். 1914இல் ரஷ்யாவின் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு பிரான்சுக்கு வந்தவர். வானொலியின் ரஷ்ய மொழி ஒலிபரப்பில் தொடங்கி, 1960களில் தொலைக்காட்சிச் செய்தியின் முகமாக உயர்ந்தார். வேறு மண்ணில் பிறந்த ஒருவரின் குரலில் ஒரு நாடே செய்தி கேட்டது என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அவர் செய்தி வாசித்த விதமல்ல, விளையாட்டு வர்ணனை. குதிரைப் பந்தயம், பனிமேடைச் சறுக்கு நடனம், துர் தெ பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் என எல்லாவற்றையும் வர்ணித்திருக்கிறார். பாரிஸின் லோன்ஷான் மைதானத்தில் ஒரு குதிரைப் பந்தயம் இரண்டரை நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்று ஜாக்கிகளின் சட்டை நிறத்தை வைத்தே சொல்ல வேண்டும். கையில் தாள் இருந்தாலும் பார்க்க நேரமில்லை. முன்கூட்டியே குறிப்பு அட்டைகளில் விவரங்களைச் சேர்த்துத் தயாராவதில் அவர் பேர்பெற்றவர். நேரலையில் தடுமாறாததற்கு அந்தத் தயாரிப்பே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1978இல் பாரிஸில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியை டெனிஸ் ஃபாப்ருடன் சேர்ந்து தொகுத்து வழங்கியவரும் இவரே. அந்தப் போட்டியை இருவர் தொகுத்தது அதுவே முதல்முறை.

இதைப் பார்த்து என் பயிற்சியை மாற்றினேன். பந்தயக் காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு, நானே பிரெஞ்சில் வர்ணித்தேன். முதல் நாள் இருபது வினாடிகள்கூடத் தாங்கவில்லை. சொல் வராதபோது நிற்காமல், தெரிந்த சொல்லால் சுற்றிச் சொல்லிப் பழகினேன். மூன்று வாரங்களில் ஒரு முழுப் பந்தயமும் ஓடியது.

பேச்சுத் தேர்வில் இரண்டு தலைப்புகளை எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தயாராக 30 நிமிடங்கள், பேச்சும் விவாதமும் சேர்ந்து சுமார் 20 நிமிடங்கள். அந்த அரைமணியில் முழு வாக்கியங்கள் எழுதாதீர்கள். என் கருத்து, இரண்டு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய ஒன்று, இவ்வளவையும் தனிச்சொற்களாக மட்டுமே குறித்தேன். தேர்வாளர் என் இரண்டாவது காரணத்தை மறுத்தபோது, தாளில் தேடாமல் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்ல முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. ஸித்ரோனின் பிரெஞ்சு அலங்காரம் மிக்கது, அந்தக் காலத்துக்குரியது. அவருடைய நிதானத்தையும் தெளிவான உச்சரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கிய நடையை அப்படியே தேர்வில் இறக்காதீர்கள். கேட்டல் பகுதியில் இன்றைய வேகமான பேச்சு வரும், சில ஒலிப்பதிவுகள் ஒரே முறைதான் ஒலிக்கும். அதற்கு பிரான்சின் பன்னாட்டு வானொலியான ஆர்எஃப்ஐயின் எளிய பிரெஞ்சுச் செய்தியில் தொடங்கி, பிறகு பிரான்ஸ் 2 தொலைக்காட்சியின் இரவு எட்டு மணிச் செய்திக்குப் போங்கள். நான் அந்த இரண்டாம் படிக்குத் தாமதமாகத்தான் போனேன். பேச்சில் 20 மதிப்பெண் வந்தது, கேட்டலில் 13தான்.