எல்லாம் ஒரே பெட்டியில்: எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர்

ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் என அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே பெட்டியில் வரும் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஹோம் தியேட்டரை நான் தேடியதற்கு முதல் காரணம், வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே. பேச்சொலியில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகவே வருவதால், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் மொத்த வாட் கணக்கைவிட அந்த ஒரு ஸ்பீக்கரின் தரத்தையே கூர்ந்து கவனித்தேன். அந்த வாட் எண் பல நேரங்களில் 10 சதவீத ஒலிச்சிதைவோடு அளக்கப்பட்டதாக இருக்கும்.

டிவியிலும் ஹோம் தியேட்டரிலும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருந்தால், இரண்டையும் இணைக்க ஒரே கேபிள் போதும்.

வீட்டுக்கு வந்தபின் உழைப்பு முழுவதும் இடம் பார்ப்பதில்தான். சப்வூஃபர் அறை மூலையில் இருந்தவரை தாழ்ந்த ஒலி வீங்கி வசனத்தை அமுக்கியது. சுவரிலிருந்து சற்றே நகர்த்தியதும் ஒவ்வொரு முரசடியும் தனித்தனியாக, அளவோடு விழுந்தது. பின் ஸ்பீக்கர்களை இருக்கைக்குப் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பொருத்தியிருக்கிறேன்; மழைக் காட்சிகளில் சுவர்கள் விலகி அறையே அகன்றுவிட்டது போலிருக்கிறது.

இத்தகைய தொகுப்புகளில் பலவற்றின் இணைப்பு முனைகளும் மின்தடை அளவும் தனி வகையாக இருப்பதால், ஒரு ஸ்பீக்கர் பழுதானால் வேறொன்றை வாங்கி மாட்டுவது எளிதன்று. உதிரி ஸ்பீக்கர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.